நாற்காலிக்குப் பெயர் கேட்ட கெமா அக்கா

முட்டாள்தனத்துக்கு நான் எங்கும் போய்ப் பயிற்சி எடுத்ததில்லை. பிறவியிலேயே வந்த சொத்து அது. சந்தேகப்படுபவர்களுக்காக ஒரு சான்று சொல்கிறேன். ஐம்பது பேருக்கு மேல் ஒரு தலைகூட வரக் கூடாது என்று என் மகள் கண்டிப்பாகச் சொன்ன கல்யாணத்துக்கு, எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக்காரர்களின் கைப்பேசிப் புலனக் குழுவில் பத்திரிகையைப் போட்டு, கீழே ‘குடும்பத்தோடு வந்து வாழ்த்துக’ என்று எழுதி, கைகூப்பும் படத்தையும் சேர்த்து அனுப்பியவன் நான்தான். அந்தக் குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இறந்துபோனவர்கள்கூட சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய எண்ணிலிருந்துதான் முதல் பதில் வந்தது: ‘கண்டிப்பாக வருகிறோம்.’

அந்தக் குழியிலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியவர் கெமா அக்கா. கரங்கானில் தொடங்கி ஜித்ரா வரைக்கும், கல்யாணத்துக்கு வர இருந்த கூட்டத்தைத் தடுத்து நிறுத்தியதில் அவரோடு போட்டி போட மழையால்கூட முடியாது. இத்தனைக்கும் அவருடைய பிழைப்பே வருகிறவர்களை உட்கார வைப்பதுதான். குருண் என்ற ஊரில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். கூடாரத்தை மலாய்க்காரர்கள் கெமா என்பார்கள், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை இதுவரை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

தலையில் ஒரு துண்டு, தோளில் ஒரு கயிற்றுச் சுருள், லோரியின் முன்சீட்டில் எப்போதும் ஒரு பொட்டலம் கச்சான் கடலை. இதுதான் அக்கா. அவரிடம் வேலை செய்யும் இரண்டு நேப்பாளத் தொழிலாளர்கள் தமிழையே அவரிடம்தான் கற்றார்கள். அதனால் அவர்களுக்குத் தமிழில் திட்ட மட்டுமே வரும். ஒருமுறை மணப்பெண்ணின் அப்பாவைப் பார்த்து அவர்களில் ஒருவர் மிகப் பணிவாகக் குனிந்து, “என்னய்யா, கண்ணு தெரியலியா, தள்ளு” என்று வரவேற்றார்.

கரங்கானில் ஒரு குத்தகையாளர். பணம் உள்ளவர், குரல் அதைவிடப் பெரியது. மூத்த மகள் கல்யாணத்துக்கு அக்காவை அழைத்தார்.

“எத்தன நாக்காலி?”

“ஆயிரம் போடுங்கக்கா.”

அக்கா மறுநாள் லோரியோடு போய், அவர் வீட்டு வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட ஆரம்பித்தார். முதல் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

“இதுல யாரு உக்காருவா?”

“வர்றவங்கதான்.”

“வர்றவங்களுக்குப் பேரு இல்லியா?”

“என் மச்சான்னு வச்சுக்குங்களேன்.”

“அது மொற. பேரச் சொல்லுங்க.”

இதுதான் அக்காவின் தொழில்முறை. எந்த நாற்காலியில் யார் என்று பெயர் சொன்னால் நாற்காலி இறங்கும். பெயர் தீர்ந்துவிட்டால் மிச்ச நாற்காலி லோரியில் ஏறிவிடும். அத்தோடும் விடமாட்டார். “அவருக்கு ஒங்க பொண்ணு பேரு தெரியுமா?” என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு பக்கமும் பெயர் தெரிந்தால்தான் அக்கா கணக்கில் அவர் விருந்தாளி.

குத்தகையாளர் முதல் இரண்டு வரிசையைச் சிரித்துக்கொண்டே தாண்டினார். மூன்றாவது வரிசையில் வேர்த்தது. மனைவியைத் துணைக்குக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து, “எங்க வீட்டு ஆளுங்க பேரு ஒண்ணுகூட இதுவரைக்கும் வரலியே, எப்படி?” என்று வேறொரு சண்டையைத் தொடங்கினார். நெருக்கடி முற்றி, மனிதர் எங்கெங்கோ ஞாபகத்தைத் துழாவி ஒரு பெரியவர் பெயரைச் சொன்னார்.

“அவரு போன வருசமே போயிட்டாரே” என்றார் அக்கா. “எழவு வீட்டுக்கு நான்தானே கெமா போட்டேன். நீங்களும் வந்திருந்தீங்க. காப்பி சரியில்லன்னு சொன்னீங்க.”

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காவை அனுப்பிவிட்டு வெளியூர்க்காரரிடம் ஆயிரம் நாற்காலி வாங்கிப் போட்டார். அந்தக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்லக் கூடாது, ஏனென்றால் சோறு தீர்ந்த பிறகு சமையல்காரரைத் தேடிய கூட்டத்தில் நானும் இருந்தேன். இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு அதே குத்தகையாளர் அக்காவின் கொட்டகைக்கு வந்து, கேட்பதற்கு முன்பே பெயர்களை ஒப்பிக்க ஆரம்பித்தாராம்.

அக்காவிடம் இன்னொரு சட்டமும் உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் பந்தியில் சாப்பிட்டாக வேண்டும். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எல்லாரும் மூக்குப் பிடிக்கத் தின்று, மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, மேடையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு, அந்த இரண்டு ஜீவன்களுக்கும் ஆறிப்போன அப்பளம் கிடைக்கும். அக்கா கெமா போட்ட இடத்தில் அது நடக்காது. படத்துக்கு நிற்கும் வரிசைக்குள் புகுந்து, “படம் ஓடிப் போயிராது, புள்ளைங்களுக்குப் பசிக்குது, நவுருங்க” என்று மணமக்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலை முன்னால் உட்கார வைப்பார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“என் கல்யாணத்துக்குத் தோட்டமே வந்துச்சு தம்பி. பக்கத்துத் தோட்டமும் வந்துச்சு. வந்தவங்களக் கும்புட்டுக் கும்புட்டுக் கழுத்தே திரும்பல. மாப்பிள்ள மூஞ்சியவே மறுநாள்தான் பாத்தேன்.”

“அப்புறம்?”

“பாத்தப்புறந்தான் தெரிஞ்சுச்சு, மொத நாளே பாத்திருக்கணும்னு.”

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மகள் யாழினிக்கு ஜித்ராவில் மாப்பிள்ளை. தினேஷ், காடிகளுக்கு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். நான் டேவான் மண்டபம் எடுத்து, மேடை கட்டி, ஊரையே கூட்டத் திட்டம் போட்டிருந்தேன். முப்பது வருடமாக ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் எல்லாம் சாப்பிட்டவன், திருப்பிப் போடாவிட்டால் எப்படி? மகள் என் திட்டத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்பா, தாலி கட்டுறப்ப நான் அழுவேன். எனக்குத் தெரியும். தெரியாதவங்க முன்னாடி என்னால அழ முடியாது.”

“அழாம இரேன்மா.”

“அழணும்பா.”

காலையில் கோயிலில் தாலி, மதியம் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் ஒரே ஒரு கெமா, ஐம்பது பேருக்குச் சாப்பாடு. முடிவாகிவிட்டது. பெருந்தன்மையாக ஒப்புக்கொண்ட பெருமையில் நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அக்கா நாற்காலியோடு வந்து இறங்கினார். என் முறை. முதலில் என் தொழிற்சாலை மேலாளரைச் சொன்னேன்.

“அவருக்கு ஒன் மவ பேரு தெரியுமா?”

“எனக்கு மகள் இருக்கிறதே அவருக்குத் தெரியாதுக்கா. மகன் எப்படி இருக்கான்னுதான் கேப்பாரு.”

நாற்காலி லோரிக்குப் போனது. இப்படியே பல பெரிய மனிதர்கள் லோரி ஏறினார்கள். ஐம்பதுக்குக்கூட ஆள் தேறாது போலிருந்தது. மானம் போகிறதே என்று ஒரு பெயரை நானே உண்டாக்கினேன்.

“கருப்பையா.”

“எந்தக் கருப்பையா?”

“நம்ம கருப்பையாதான்க்கா.”

“எங்க வேல?”

“வேலைய விட்டுட்டாரு.”

“வூடு?”

“மாத்திட்டாரு.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “வேலையும் இல்ல, வூடும் இல்ல. பெத்தவங்களாச்சும் இருக்காங்களா, இல்ல நீயே இப்பப் பெத்தியா?”

உள்ளேயிருந்து என் மனைவி கமலா சிரித்தது அடுத்த தெருவரை கேட்டிருக்கும்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பத்திரிகை அச்சாகி வந்தது. மகளின் பெயரைப் பொன் எழுத்தில் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும். புலனக் குழுவில் காட்டினேன். வெறுமனே காட்டினால் மரியாதையில்லையே என்று ‘குடும்பத்தோடு’ என்ற சொல்லையும் சேர்த்தேன். கட்டைவிரல்கள் மழைக்கால ஈசல் மாதிரி வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் சுங்கை பட்டாணியிலிருந்து என் பெரியண்ணன் கூப்பிட்டார்.

“டேய் சின்னவனே, இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா! எத்தன பேர் வந்து என்னைக் கேட்டாங்க தெரியுமா? பஸ் பேசிட்டேன். எல்லாரையும் நானே கூட்டிட்டு வந்துடுறேன்.”

யாழினி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் புலனக் குழுவைப் பார்த்துவிட்டு, என் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரிப்பா. நானும் தினேஷும் ரெஜிஸ்டர் ஆபிஸ்ல கையெழுத்துப் போட்டுக்கிறோம். நீங்க வச்சிருக்கிற விருந்த நீங்க வச்சிக்குங்க.”

அவள் சொன்னால் செய்வாள். அந்தக் குணம் அம்மா வழி. பொண்ணில்லாத கல்யாணத்தில் நான் மட்டும் வாசலில் நின்று பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்குச் சந்தனம் கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். நேராக அக்காவின் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே போயும் என் மூளை என்னைக் கைவிடவில்லை.

“அக்கா, கூட ஒரு ஐந்நூறு நாக்காலி போட்டுட்டா…”

“நாக்காலி இருக்கு தம்பி” என்றார் அக்கா, கச்சானை உரித்துக்கொண்டே. “ஒன் மவதான் இருக்க மாட்டா.”

நான் அங்கிருந்த நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தேன். அக்கா கச்சான் தோலைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

“கல்யாணத்துக்குக் கூப்புட என்னா செய்றோம்?”

“வீடு வீடாப் போயி, தட்டுல வெத்தல பாக்கு வச்சு…”

“ஆங். வர வேணாம்னு சொல்றதுக்கும் அப்படியே போவணும். தட்டுல வெத்தல பாக்கு, பழம், லட்டு. வீடு வீடா. மரியாதையாச் சொல்லணும், வராதீங்கன்னு.”

“அடிப்பாங்கக்கா!”

“லட்டு இருக்கில்ல? ஒரு கையில லட்டு இருந்தா அடி பாதிதான் விழும்.”

கமலா தட்டை அடுக்கிக் கொடுத்தாள். “கல்யாணமாகி இத்தன வருசத்துல நீங்க செய்யப் போற ஒரே உருப்படியான காரியம். அதுவும் யோசனை அடுத்தவங்களோடது” என்று ஆசீர்வதித்தாள்.

முதல் வீடு மண்டோர் ஐயா. தோட்டத்தில் எங்கள் அப்பாக்களை எல்லாம் மிரட்டி வேலை வாங்கியவர். நலம் விசாரித்தேன், மழையைப் பற்றிப் பேசினேன், செம்பனை விலையைப் பற்றிப் பேசினேன். அக்கா பொறுமை இழந்தார்.

“ஐயா, இவரு பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வரக் கூடாது. வெத்தல எடுத்துக்குங்க.”

மண்டோர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார்.

“நெசமாவா?”

“நெசமாத்தான்யா.”

“தம்பி!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு மட்டும் எனக்கு நாலு கல்யாணம்யா. சக்கர வியாதிக்காரன் எத்தன பாயசம் குடிக்கிறது? நீ ஒருத்தன்தான்டா மனுசன். நல்லா இரு!”

அடுத்த வீட்டில் சரசக்கா, “அப்ப மொய்?” என்று சந்தேகம் கேட்டார். வேண்டாம் என்றோம். “புடவ?” கட்ட வேண்டாம் என்றோம். “வெறும் வாழ்த்து மட்டுமா?” அது எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றோம். அந்த இடத்திலேயே யாழினியின் எண்ணை வாங்கி, “கண்டிப்பா நாங்க வர மாட்டோம்மா, நல்லா இரு தாயி” என்று போனிலேயே வாழ்த்திவிட்டார்.

எல்லாரும் அப்படி இல்லை. தோட்டத்துக் கடையில் வேலை பார்த்த ஸ்டோர் மாணிக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஊர ஒதுக்கிட்டு என்னா கல்யாணம்யா அது? கருமாதி மாதிரி!”

“கருமாதிக்காச்சும் செத்தவன் பேரு தெரிஞ்சு வர்றாங்க” என்றார் அக்கா. “இவரு பொண்ணு பேரச் சொல்லுங்க பாப்போம்.”

மாணிக்கம் படாரென்று கேட்டைச் சாத்தினார். சாத்துவதற்கு முன்னால் லட்டை எடுத்துக்கொண்டார் என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

இப்படி வீடு வீடாகப் போய், கடைசியில் சுங்கை பட்டாணி. பெரியண்ணன். எங்கள் குடும்பத்தில் பூனை குட்டி போட்டால்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். தட்டைப் பார்த்துச் சிரித்த முகம், சேதியைக் கேட்டதும் சிவந்தது.

“எனக்கே தட்டு வைக்கிறியாடா? ஊரு என்னா சொல்லும்? இவங்க யாரு நடுவுல?”

“நான் கெமாக்காரி” என்றார் அக்கா. “மாப்பிள்ள பேரு என்னாங்கய்யா?”

“ஜித்ரா பையன்.”

“அது ஊரு.”

“காடி பட்டறை வச்சிருக்கான்.”

“அது தொழிலு. சரி விடுங்க. பொண்ணு பேரு?”

“பாப்பா!” என்று முழங்கினார் அண்ணன்.

“பத்திரிகையில பாப்பான்னா போட்டிருக்கு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அத்தனை பெரிய குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“அவ பொறந்தப்ப இவன் டூட்டில மாட்டிக்கிட்டான். ஆஸ்பத்திரியிலேர்ந்து துணியில சுத்தி வூட்டுக்குத் தூக்கிட்டு வந்தவன் நானு. வழியெல்லாம் பாப்பா, பாப்பான்னு பேசிக்கிட்டே வந்தேன். பேரெல்லாம் அப்புறம் நீங்க வச்சது. எனக்கு அவ பாப்பாதான்.”

கெமா அக்கா தன் சட்டத்தைத் தளர்த்தியதை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். அதுவும் ஒரு கச்சானை உரித்து வாயில் போடும் நேரம்தான்.

“இவருக்கு நாக்காலி உண்டு” என்றார் என்னிடம். அப்புறம் அண்ணனிடம் திரும்பி, “பஸ்ஸுக்குக் கெடையாது.”

“ஏம்மா, அத்தன பேர்கிட்டயும் வாய விட்டுட்டேனே! எப்படிம்மா அவங்க மூஞ்சில முழிப்பேன்?”

“தட்ட எடுங்க. லோரியில ஏறுங்க.”

ஏறினார். என் பெரியண்ணன், கோயில் திருவிழாவில் முதல் மாலை வாங்குகிறவர், லோரியின் முன்சீட்டில் என்னோடு நெருக்கியடித்துக்கொண்டு, மடியில் தட்டோடு, “வராதீங்க, தயவுசெஞ்சு வராதீங்க” என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் யாழினி கூப்பிட்டாள்.

“அப்பா, என்னதான் பண்றீங்க நீங்க? காலையிலேர்ந்து போன் நிக்கல. எல்லாரும் வர மாட்டோம், வர மாட்டோம்னு வாழ்த்துறாங்க!” அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “ரெஜிஸ்டர் ஆபிஸ்க்குப் போவல. நீங்க மொதல்ல வூட்டுக்கு வந்து சாப்புடுங்க.”

நான் அண்ணனிடம் போனைக் கொடுத்துவிட்டு, சாலையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓட்டியது அக்காதான்.

கல்யாணத்தன்று எங்கள் வாசலில் ஒற்றைக் கெமா. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஊர் என்னவோ சொல்லத்தான் செய்தது. நாங்கள் சாம்பாரை வாங்கிக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை. மணமக்கள் முதல் பந்தியில், சூடான அப்பளத்தோடு சாப்பிட்டார்கள். யாழினி கோயிலில் மூக்கு ஒழுக அழுதாள். எல்லாம் தெரிந்த முகங்கள் என்பதால் யாரும் திரும்பிக்கொள்ளவில்லை. தினேஷும் கூடச் சேர்ந்து அழுதார். பெரியண்ணன்தான் எல்லாருக்கும் மேலே அழுதார்.

இலை போட்டபோது ஒரு காடி வந்து நின்றது. ஸ்டோர் மாணிக்கம், மனைவி, மகனோடு. அக்கா கெமாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்தார்.

“பொண்ணு பேரு?”

“யாழினி” என்றார் மாணிக்கம். “மாப்பிள்ள தினேஷ். மாப்பிள்ளயோட அம்மா பேரு விஜயா. ரெண்டு நாளா பத்திரிகைய வச்சுப் படிச்சேன். இன்னும் கேளுங்க, அச்சகத்து பேரும் சொல்றேன்.”

அக்கா திரும்பி லோரிப் பக்கம் விசில் அடித்தார். மூன்று நாற்காலி இறங்கின. சட்டம் சட்டம்தான். அக்கா போட்டது என்றாலும் அக்காவுக்கும் அதுதான்.

எல்லாரும் போன பிறகு அக்கா கெமாவைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு மேடை கிடைக்காத குறை ஒன்று மனதில் இருந்தது. டேவான் எடுத்திருந்தால் பேசியிருப்பேன் அல்லவா? அந்தப் பேச்சையெல்லாம் சேர்த்து அக்காவிடம் பேசிவிடலாம் என்று பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினேன். வந்தது இதுதான்.

“அக்கா, கூடப் பொறந்ததுல எனக்கு அக்கா இல்ல. இனிமே நீங்கதான் எனக்கு அக்கா.”

“அப்பச் சொல்றதக் கேளு. அந்தப் பக்கம் கயித்த அவுரு.”